அளவாகக் குடிப்பவருக்கு ஆயுசு கெட்டியா?

வில்லியனூர் வாசகர் கேட்டது, 9 நவம்பர் 2024

கொஞ்சமாகக் குடிப்பவர்கள் அறவே குடிக்காதவர்களைவிட அதிக நாள் உயிரோடு இருக்கிறார்கள் என்று பல நாட்டு ஆராய்ச்சிகள் சொல்கின்றன. பத்து இருபது பேரை வைத்து அல்ல, லட்சக்கணக்கான பேரை வைத்து எடுத்த கணக்கு. எங்கள் ஊரில் கடைகளுக்குக் குறைவில்லை என்பதற்காக இதைக் கேட்கவில்லை. எண் பொய் சொல்லுமா? கணக்கு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

9 நவம்பர், இரவு

எண் பொய் சொல்லவில்லை. அது எந்தக் கேள்விக்குப் பதில் என்பதில்தான் தகராறு.

என் தாய்மாமா ஒருவர். பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருந்தார். முப்பது வருஷம் குடித்தார். மஞ்சள்காமாலை வந்தது, வயிறு உப்பியது, டாக்டர் கையை விரித்தார். மாமா குடியை நிறுத்தினார். நிறுத்திய நாலாவது மாதம் போய்விட்டார். சாவு வீட்டில் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தவர்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "குடிச்சிக்கிட்டு நல்லாத்தான் இருந்தார். திடீர்னு நிறுத்தினார் பாரு, உடம்பு ஏத்துக்கல."

இப்போது ஒரு ஆராய்ச்சிக்காரர் வந்து ஊர்க்காரர்களை இரண்டு கட்டத்தில் பிரிக்கிறார் என்று வையுங்கள். குடிப்பவர், குடிக்காதவர். மாமா எந்தக் கட்டம்? செத்த அன்று அவர் குடிக்காதவர். முப்பது வருஷக் குடி கொடுத்த சாவு, குடிக்காதவர் கணக்கில் ஏறிவிட்டது. மாமா மாதிரி ஆட்கள் அந்தக் கட்டத்தில் நிறையச் சேர்ந்தால், அளவாகக் குடிப்பவர் பக்கத்தில் நின்று பார்க்கும்போது பயில்வான் மாதிரித்தான் தெரிவார்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. பிரிட்டனில் ஷேப்பர் என்பவர் 1988-லேயே இதைச் சொன்னார். உடம்பு கெட்டதால் குடியை விட்டவர்களைக் குடிக்காதவர்களோடு கலந்துவிட்டீர்கள் என்றார்.

10 நவம்பர்

நேற்று எழுதிவிட்டுப் படுத்த பிறகு தோன்றியது. மாமா கதையைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. "குடிப்பீர்களா?" என்ற கேள்விக்கு யார் உண்மை சொல்கிறார்கள்?

இப்போது நான் மருந்துக்கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். அதற்கு முன்னால் ஆறு வருஷம் கடலூர் மாவட்டத்தில் வீடு வீடாகப் போய் சுகாதாரப் படிவம் நிரப்பும் வேலை. குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒரு திண்ணை. மத்தியானம் மூன்று மணி. அவர் உட்கார்ந்திருக்கிறார். வாசல்படியில் அவர் மனைவி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருக்கிறார். நான் படிவத்தில் இருப்பதை அப்படியே வாசிக்கிறேன்: "மது அருந்தும் பழக்கம் உண்டா?" அவர் தெருவைப் பார்க்கிறார். "எப்பவாவது." புடைக்கும் சத்தம் நின்றுவிட்டது. அந்த அம்மா தலை நிமிரவே இல்லை. "எப்பவாவதுன்னு எழுதிக்கப்பா. விடியிறதுலேருந்து தூங்கற வரைக்கும் எப்பவாவது."

படிவத்தில் நான்கு கட்டங்கள்: தினமும், வாரம் ஓரிரு முறை, எப்போதாவது, இல்லை. "எப்போதாவது" கட்டத்தில் டிக் போட்டேன். ஏனென்றால் பதில் சொல்ல வேண்டியவர் அவர், மனைவி இல்லை. விதி அப்படி.

அந்த டிக் எங்கேயோ போய் ஒரு சராசரியில் சேர்ந்திருக்கும். "அளவாகக் குடிப்பவர்" என்று ஆராய்ச்சியில் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த முறம்தான் ஞாபகம் வரும்.

12 நவம்பர்

பாகூர் தம்பி கோபமாகக் கேட்கிறார்: "அப்படிப் பார்த்தால் சிகரெட் புற்றுநோய் தரும் என்பதும் இதே மாதிரி கணக்குதானே? அதை மட்டும் ஏன் நம்ப வேண்டும்?"

நல்ல கேள்வி. இதே கேள்வியைக் கேட்டவர் சாதாரண ஆள் இல்லை. ரொனால்டு ஃபிஷர். இன்றைய புள்ளியியலில் பாதி அவர் போட்ட அடித்தளம். அவர் வாயில் எப்போதும் பைப். சிகரெட் பிடிக்கத் தூண்டும் மரபணுவே புற்றுநோயையும் கொண்டுவரலாமே, சிகரெட்டின் மேல் ஏன் பழி என்று வாதாடினார். புகையிலைக் கம்பெனிகளுக்கு ஆலோசகராகவும் இருந்தார் என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எதிர்ப்பக்கத்தில் ரிச்சர்டு டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும். 1950-ல் லண்டன் ஆஸ்பத்திரிகளில் நுரையீரல் புற்றுநோயாளிகளையும் மற்ற நோயாளிகளையும் விசாரித்தார்கள். ஆரம்பத்தில் டாலுக்கே சந்தேகம் சிகரெட் மேல் இல்லை, ரோட்டுக்குப் போடும் தார் மேல். கணக்கு வரவர, ஆய்வு முடிவதற்குள்ளேயே அவர் சிகரெட்டை விட்டுவிட்டார். அப்புறம் 1951-ல் பிரிட்டன் டாக்டர்கள் கிட்டத்தட்ட 60,000 பேருக்கு கடிதம் போட்டு, பதில் எழுதிய சுமார் 40,000 பேரைப் பல்லாண்டு தொடர்ந்தார்கள். ஐம்பது வருஷக் கணக்கு 2004-ல் வந்தது. விடாமல் புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து வருஷம் முன்னால் செத்தார்கள். 60 வயதில் விட்டவருக்கு 3 வருஷம் திரும்பக் கிடைத்தது. 50-ல் விட்டால் 6, 40-ல் விட்டால் 9, 30-ல் விட்டால் ஏறக்குறைய பத்தும்.

தம்பி, இந்த வரிசையைப் பாருங்கள். பிறவியிலேயே வந்த மரபணுதான் காரணம் என்றால், எந்த வயதில் விட்டார் என்பதைப் பொறுத்து ஆயுள் ஏன் படிப்படியாகக் கூட வேண்டும்? மரபணு காலண்டர் பார்க்குமா? ஒரே ஒரு ஆய்வை வைத்து யாரும் முடிவுக்கு வரவில்லை. வேறு வேறு வழியில் போனவர்கள் எல்லாரும் ஒரே வாசலில் வந்து நின்றார்கள்.

குடி விஷயத்தில் அப்படி வந்து நிற்கவில்லை. வித்தியாசம் அதுதான்.

14 நவம்பர்

"பதில் எழுதாத 20,000 டாக்டர்கள் என்ன ஆனார்கள்?" என்று ஒருவர். சிகரெட் பிடிக்கப் போயிருப்பார்கள்.

17 நவம்பர்

இன்று புதுச்சேரி போக வேண்டியிருந்தது. கடலூர் பஸ் ஸ்டாண்டில் ஏறி கன்னியக்கோயில் தாண்டும் வரை கண்டக்டரையே பார்த்துக்கொண்டு போனேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். முன்னால் இருந்து பின்னால், பின்னால் இருந்து முன்னால், கம்பிக்கும் மனிதருக்கும் நடுவே ஒருக்களித்து, விரலிடுக்கில் மடித்த நோட்டுகளோடு. டிரைவர் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். ஹாரன் அடிக்கும் கைக்கு மட்டும் வேலை.

லண்டனில் இதையே கணக்காக்கினார் ஜெரி மாரிஸ் என்ற டாக்டர். 1953-ல். மாடி பஸ்ஸில் நாள் முழுக்கப் படி ஏறி இறங்கும் கண்டக்டர்களுக்கு, உட்கார்ந்தே இருக்கும் டிரைவர்களைவிட மாரடைப்பு குறைவு. வந்தாலும் உடனே சாவது குறைவு. உடற்பயிற்சி இதயத்துக்கு நல்லது என்று இன்று டாக்டர்கள் சொல்வதற்கெல்லாம் அந்த பஸ்ஸும் ஒரு ஆரம்பம்.

அழகான ஆய்வு. ஒரே கம்பெனி, ஒரே பஸ், ஏறக்குறைய ஒரே சம்பளம், வேலை மட்டும் வேறு. இயற்கையே பிரித்துக் கொடுத்த மாதிரி.

18 நவம்பர்

நேற்று எழுதியதில் ஒரு அவசரம். "இயற்கையே பிரித்துக் கொடுத்த மாதிரி" என்று எழுதினேனே, அது தப்பு. பிரித்தது இயற்கை இல்லை. டிரைவர் வேலைக்கு ஒரு மாதிரி ஆள் போனான், கண்டக்டர் வேலைக்கு வேறு மாதிரி ஆள் போனான்.

இதைக் கண்டுபிடித்துச் சொன்னதும் அதே மாரிஸ்தான். 1956-ல் கம்பெனி கொடுக்கும் யூனிஃபார்ம் அளவுப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார். டிரைவர்களின் பேன்ட் இடுப்பளவு கண்டக்டர்களுடையதைவிடப் பெரிது. இள வயதுக்காரர்களிலேயே அப்படி. என்றால், உட்கார்ந்து தொப்பை போட்டதா, தொப்பை போடும் உடம்புக்காரர்கள் உட்காரும் வேலைக்குப் போனார்களா? இருக்கிற தையல் அளவை வைத்து தன் ஆய்வின் வயிற்றிலேயே ஓட்டை போட்டுக்கொண்டார். எனக்கு அந்த மனுஷனை ரொம்பப் பிடிக்கும். பிறகு ஒல்லி, நடுத்தரம், குண்டு என்று பிரித்துப் பார்த்தபோதும் ஒவ்வொரு பிரிவிலும் கண்டக்டருக்குத் திடீர் சாவு குறைவாகவே இருந்தது. ஆக, பேன்ட் மொத்தக் கதையையும் விழுங்கிவிடவில்லை.

திருப்பாதிரிப்புலியூர் டீச்சர் எழுதியிருக்கிறார், தன் கணவர் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், முழங்கால் போய்விட்டது என்று. அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்தான்.

24 நவம்பர்

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் சாயங்காலம் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள் இல்லையா? காந்தி சிலைக்கும் டூப்ளே சிலைக்கும் நடுவே வேகநடை நடப்பவர்களைப் பார்த்து என் சின்ன மகள் சொன்னாள், "இங்க நடக்கிறவங்க யாருமே நோயாளி மாதிரி இல்லப்பா." நோயாளி வீட்டில் இருக்கிறான், கண்ணு.

இதை வைத்து ஒன்று ஞாபகம் வந்தது. குடிப்பழக்கத்துக்கும் இதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியாது.

அமெரிக்காவில் மாரடைப்பு வந்த ஆண்களுக்கு ஒரு மருந்தைச் சோதித்தார்கள். முடிவு 1980-ல் வெளியானது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களில் ஐந்து வருஷத்தில் செத்தவர்கள் நூற்றுக்கு 15. ஒழுங்காகச் சாப்பிடாதவர்களில் கிட்டத்தட்ட 25. அடேயப்பா, என்ன மருந்து என்று தோன்றுகிறதா? இருங்கள். அதே ஆய்வில் இன்னொரு கூட்டத்துக்குக் கொடுத்தது வெறும் மாத்திரை. உள்ளே மருந்தே இல்லை. அதை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களில் செத்தவர்களும் நூற்றுக்கு 15 பேர்தான். அந்த வெறும் மாத்திரையையும் ஒழுங்காகச் சாப்பிடாதவர்களில் 28.

ஒன்றுமே இல்லாத மாத்திரையை மறக்காமல் விழுங்கினால் ஆயுசு கூடுமா? கூடாது. மறக்காமல் விழுங்குகிற ஆள் நேரத்துக்குச் சாப்பிடுகிறவராக இருப்பார், வீட்டில் எடுத்துக் கொடுக்க ஒருவர் இருப்பார், ஏற்கனவே உடம்பு ரொம்பக் கெடாதவராக இருப்பார். எங்கள் கடைக்கு மாசம் பிறந்தால் முதல் தேதியே சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவரும் ஒரு பெரியவர் இருக்கிறார். அவருக்கு வெல்லக்கட்டி கொடுத்தால்கூட நூறு வயது வரை இருப்பார் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். (அவருக்குச் சர்க்கரை. வெல்லம் கொடுக்க மாட்டோம்.)

அளவாகக் குடிப்பவர் விஷயத்துக்கு இதைத் திருப்புங்கள். எதையும் அளவாகச் செய்கிறவர் குடியை மட்டுமா அளவாகச் செய்வார்?

6 டிசம்பர்

புயலில் நான்கு நாள் கரண்ட் இல்லை. 30-ஆம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது எல்லாருக்கும் தெரியும். சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து எங்கள் தெருமுனை வரை எட்டிப்பார்த்துவிட்டுப் போனது. வீட்டில் எல்லாரும் நலம். கீழ்த்தட்டு புத்தகங்கள் நலமில்லை.

வெள்ளத்துக்குப் பிறகு தெருவில் போட்ட மருத்துவ முகாமில் சும்மா கையை நீட்டினேன். வெறும் வயிற்றில் சர்க்கரை 148. மேலே பேசியதெல்லாம் காற்றில் போய்விட்டது. பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த ஆவாரம்பூவைக் கொதிக்கவைத்துக் குடித்துக்கொண்டிருக்கிறேன். சிரிக்காதீர்கள்.

13 டிசம்பர்

ஒரு வாரத்தில் 119. அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

எனக்கு உறுத்தல். அந்த முகாமுக்கு முந்தின மூன்று ராத்திரியும் தூங்கவில்லை, பிரெட்டும் பிஸ்கட்டும்தான் சாப்பாடு. அன்றைக்கு எடுத்தால் ஏறித்தான் இருக்கும். எந்த அளவும் உச்சத்தில் இருக்கிற நாளில்தான் நாம் பயந்து ஏதாவது செய்கிறோம். உச்சத்துக்குப் பிறகு தானாகவே கொஞ்சம் இறங்குவதுதான் வழக்கம். சராசரிக்குத் திரும்புதல் என்பார்கள். இறங்குகிற நேரத்தில் கையில் எது இருக்கிறதோ அதற்குப் பெயர் கிடைத்துவிடும். ஆவாரம்பூ இருந்தால் ஆவாரம்பூ, தாயத்து இருந்தால் தாயத்து.

பூவை நிறுத்திவிட்டு, கடையில் இருக்கும் மெஷினில் ஐந்து நாள் எடுத்துப் பார்க்கப் போகிறேன். அக்காவிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள்.

15 டிசம்பர்

பாகூர் தம்பி மறுபடியும்: "அப்போ எதையுமே கண்டுபிடிக்க முடியாது என்கிறீர்களா அண்ணே?"

முடியும். யார் எந்தக் கட்டத்துக்குப் போவது என்பதை ஆளும் முடிவு செய்யக்கூடாது, டாக்டரும் முடிவு செய்யக்கூடாது. குலுக்கிப் போட வேண்டும். வெளிநாட்டு உதாரணமே வேண்டாம், நம் சென்னை சேத்துப்பட்டு போதும்.

1950-கள். காசநோய் என்றால் சானடோரியம். நல்ல காற்று, ஓய்வு, முட்டை, பால். இது இல்லாமல் மருந்து மட்டும் கொடுத்தால் பிழைக்க மாட்டான் என்பது உலகம் முழுக்க டாக்டர்களின் நம்பிக்கை. கணக்கும் அப்படித்தான் காட்டியிருக்கும், சானடோரியத்துக்குப் போக வசதி இருந்தவன் யார் என்று யோசியுங்கள். 1956-ல் சேத்துப்பட்டில் ஆரம்பித்த மையத்தில் ஏழைக் காசநோயாளிகள் 193 பேரைக் குலுக்கிப் பிரித்தார்கள். பாதிப் பேர் சானடோரியத்துக்கு, பாதிப் பேர் அவரவர் குடிசைக்கு. இரு பக்கமும் ஒரே மாத்திரைகள், ஒரு வருஷம். வீட்டில் இருந்தவர்களுக்கு நெரிசல், அரைவயிறு, அதோடு வேலை வேறு. 1959-ல் முடிவு வந்தது. வீட்டில் குணமானவர்கள் சானடோரியத்தில் குணமானவர்களுக்குக் கிட்டத்தட்டச் சமம். வீட்டில் கூட இருந்தவர்களுக்குத் தொற்று அதிகமாகவும் இல்லை. அதற்குப் பிறகு உலகம் முழுக்க சானடோரியங்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின.

ஆக, காசநோய்க்குச் சாப்பாடு முக்கியமில்லை, மருந்துதான் முக்கியம்.

16 டிசம்பர்

மேலே கடைசி வரியை அடித்துவிடுங்கள். டீச்சர் சரியாகப் பிடித்தார்: "குணமாவது வேறு, வருவது வேறு இல்லையா சார்?"

வேறுதான். ஜார்க்கண்டில் 2019-க்குப் பிறகு நடந்த ஆய்வு, முடிவு 2023-ல் வெளியானது. காசநோயாளி வீட்டில் கூட இருப்பவர்கள் 10,345 பேர். குலுக்கிப் பிரித்து, ஒரு பக்கத்தில் வீட்டில் உள்ள எல்லாருக்கும் மாதாமாதம் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும். மறுபக்கத்தில் நோயாளிக்கு மட்டும் உணவு. வீடு முழுக்கச் சாப்பிட்ட பக்கத்தில் புதிதாகக் காசநோய் வந்தது 39 சதவீதம் குறைவு. அரிசியும் பருப்பும்.

சேத்துப்பட்டு ஆய்வு தப்பில்லை. மாத்திரை ஒழுங்காகப் போனால் குடிசையிலும் குணமாகும் என்பதுதான் அதன் பதில். பசியில் இருப்பவனுக்கு நோய் வருமா என்று அது கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்கும் சேர்த்து நேற்று நான் பதில் எழுதிவிட்டேன். எண்ணைக் குறை சொல்லிக் குறை சொல்லியே வந்தவன் செய்த வேலை இது.

18 டிசம்பர்

பூ இல்லாத ஐந்து நாள்: 131, 117, 138, 122, 126. பூ குடித்தபோது வந்த 119 இந்தக் கூட்டத்துக்குள்ளேயே அடக்கம். பூவுக்கு எதிராகவும் இது சாட்சி இல்லை, ஒரே ஆள், ஐந்து நாள். சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்பது மட்டும் உறுதி. டாக்டரைப் பார்க்கப் போகிறேன். அக்காவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. பேச்சு இல்லை.

21 டிசம்பர்

வில்லியனூர் வாசகர் ஒரு மாதம் சும்மா இருந்துவிட்டு இன்று ஒரு குண்டு போட்டிருக்கிறார். அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமிகளின் குழு இந்த வாரம் வெளியிட்ட அறிக்கை. அளவாகக் குடிப்பவர்களுக்கு எல்லாக் காரணங்களாலும் வரும் சாவு 16 சதவீதம் குறைவு என்கிறது. "அண்ணே, இவர்கள் ஒப்பிட்டது வாழ்நாளில் குடிக்காதவர்களோடு. நிறுத்தினவர்களை வெளியே தள்ளிவிட்டார்கள். உங்கள் மாமா இந்தக் கணக்கில் இல்லை."

படித்தேன். அவர் சொல்வது சரி. நவம்பர் 9-ஆம் தேதி நான் ஏதோ ஒரே அடியில் முடித்துவிட்ட மாதிரி எழுதினேன். மாமாவைத் தூக்கி வெளியே போட்டாலும் வித்தியாசம் மிச்சம் இருக்கிறது.

மிச்சத்துக்கு என்ன காரணம்? அமெரிக்காவில் குடிக்காதவர் யார் என்று பாருங்கள். 2005-ல் நைமி என்பவர் குழு ஒரு பெரிய தொலைபேசிக் கணக்கெடுப்பை எடுத்து, இதய நோயோடு சம்பந்தப்பட்ட 30 விஷயங்களை வரிசைப்படுத்தியது. வருமானம், படிப்பு, எடை, காப்பீடு இப்படி. 30-ல் 27 விஷயங்களில் குடிக்காதவர்கள்தான் மோசமான நிலையில் இருந்தார்கள். அங்கே அளவாக ஒயின் குடிப்பது வசதிக்கு அடையாளம். நம் பக்கம் அப்படியே தலைகீழ். இங்கே வாழ்நாளில் தொடாதவர் பெரும்பாலும் பெண், இல்லையென்றால் வீட்டுக் கட்டுப்பாட்டில் வளர்ந்தவர். அந்த 16 சதவீதத்தை அப்படியே பஸ் ஏற்றி ஆல்பேட்டை செக்போஸ்ட் தாண்டிக் கொண்டுவர முடியாது.

ஆனால் ஒப்புக்கொள்கிறேன், இது நிரூபணம் இல்லை, சந்தேகம்தான். நிறுத்தினவர்கள் காரணம் என்றேன், அது போதவில்லை. உடனே அடுத்த காரணத்தோடு வந்து நிற்கிறேன். ஃபிஷரும் பைப்பைக் கடித்துக்கொண்டு இதைத்தானே செய்தார்?

22 டிசம்பர்

"குலுக்கிப் போட்டுக் குடிக்க வைக்க வேண்டியதுதானே?" முயற்சி நடந்தது. 7,800 பேரில் பாதிப் பேர் தினம் ஒன்று, பாதிப் பேர் தொடக்கூடாது என்று அமெரிக்க அரசு ஆரம்பித்த ஆய்வு. பெரும்பகுதிப் பணம் சாராயக் கம்பெனிகளிடமிருந்து வந்தது, அதை வாங்கிய விதமும் சரியில்லை என்று தெரிந்ததும் 2018-ல் இழுத்து மூடினார்கள். புதுச்சேரியில் கேட்டிருந்தால் ஆள் பிடிப்பதில் கஷ்டமே இருந்திருக்காது. தொடக்கூடாத பாதிக்குத்தான் ஆள் கிடைத்திருக்காது.

5 ஜனவரி 2025

ஃபிஷர் விஷயம் இரண்டு வாரமாக உறுத்திக்கொண்டே இருந்தது. கடைசியில் அவர் பேசிய மரபணுவே வழி காட்டியது வேடிக்கை.

கிழக்கு ஆசியாவில் நிறையப் பேருக்கு ஒரு மரபணு மாற்றம் உண்டு. ஒரு பெக் உள்ளே போனாலே முகம் செக்கச் சிவந்து குமட்டும். அதனால் குறைவாகக் குடிப்பார்கள். இந்த மரபணு வருமானம் பார்த்து வருவதில்லை, படிப்பு பார்த்து வருவதில்லை. கருவிலேயே குலுக்கிப் போட்டது. சீனாவில் ஐந்து லட்சம் பேரைத் தொடர்ந்த ஆய்வில் 1,60,000 பேருக்கு மேல் மரபணு பார்த்தார்கள், 2019-ல் வெளியானது. வாயால் சொன்ன குடியளவை வைத்துப் பார்த்தபோது, அளவாகக் குடிப்பவருக்குப் பக்கவாதம் குறைவு, பழைய கதைதான். மரபணு சொன்ன குடியளவை வைத்துப் பார்த்தபோது அந்தப் பள்ளம் காணாமல் போனது. குடி கூடக்கூடப் பக்கவாதம் கூடியது, அவ்வளவுதான்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் அடுத்து வருகிறது. அந்த மரபணுவே வேறு வழியில் பக்கவாதத்தைப் பாதிக்கலாமே என்று ஃபிஷர் இருந்தால் கேட்பார். பெண்களைப் பார்த்தார்கள். அதே மரபணு, ஆனால் அங்கே பெண்கள் குடிப்பதே அபூர்வம். பெண்களிடம் அந்த மரபணுவுக்கும் பக்கவாதத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஆக, வேலை செய்தது குடிதான். மாரடைப்பில் படம் இவ்வளவு தெளிவாக இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த மரபணு நம்மவர்களிடம் அரிது என்பதால் இங்கே இதே வித்தையைச் செய்யவும் முடியாது.

இரண்டு நாள் முன்னால் அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரி விவேக் மூர்த்தி, குடிப்பழக்கத்துக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைச் சொல்லி அறிவுரை விட்டிருக்கிறார். மூன்று வாரத்தில் இரண்டு அறிக்கை, ஒன்று ஒரு பக்கம், ஒன்று மறுபக்கம் என்று டீச்சர் சலித்துக்கொள்கிறார். முழுக்க அப்படி இல்லை. டிசம்பர் அறிக்கையும் அளவாகக் குடிக்கும் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கூடும் என்று சொல்கிறது, தலைப்பில்தான் வரவில்லை. மூர்த்தி சொன்னதில் எனக்குப் பிடித்தது, சதவீதத்தில் பயமுறுத்தாமல் தலை எண்ணிச் சொன்னது. வாரம் ஒன்றுக்கும் குறைவாகக் குடிக்கும் பெண்கள் நூறு பேரில் 17 பேருக்கு வாழ்நாளில் குடியோடு தொடர்புள்ள புற்றுநோய்களில் ஒன்று வருகிறது. தினம் ஒன்று குடித்தால் 19. தினம் இரண்டு என்றால் 22. ஆண்களுக்கு 10, 11, 13. இதைப் பார்த்து ஒருவர் "அவ்வளவுதானா" என்பார், இன்னொருவர் "அய்யோ" என்பார். இரண்டு பேருக்கும் எண் ஒன்றுதான்.

17 ஜனவரி

பொங்கலுக்குப் பண்ருட்டி போயிருந்தேன். காணும் பொங்கலன்று அத்தையோடு தோப்பில் உட்கார்ந்திருந்தபோது இங்கே எழுதியதையெல்லாம் சொன்னேன். மாமா நிறுத்தினார், நாலு மாதத்தில் போனார், அதை வைத்துத்தான் ஆரம்பித்தேன் என்று.

அத்தை கரும்பைத் துப்பிவிட்டுச் சிரித்தார். "யாரு நிறுத்தினா?"

நிறுத்தவே இல்லையாம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு வீட்டில் குடிக்கவில்லை, அவ்வளவுதான். தோப்புக்குக் காவல் போகிறேன் என்று போவார். மோட்டார் கொட்டகையில் பழைய யூரியாச் சாக்குக்கு அடியில் குவார்ட்டர் பாட்டில்கள். கருமாதிக்கு முந்தின நாள் கொட்டகையைச் சுத்தம் செய்தபோது அத்தை எடுத்து எண்ணினாராம். நாற்பத்தொன்று.

"ஊர்ல எல்லாரும் நிறுத்தினதாலதான் போனார்னு சொன்னாங்களே அத்தை, நீங்க ஏன் மறுத்துப் பேசலை?"

"எதுக்கு? அப்புறமா ஒரு பொண்ணு நோட்டு எடுத்துக்கிட்டு கணக்கெடுக்க வந்துச்சி. உங்க வீட்டுக்காரருக்குக் குடிப்பழக்கம் இருந்துச்சான்னு கேட்டுச்சி. பொண்ணு கல்யாணத்துக்கு நிக்கறா. அந்தப் பழக்கமே கிடையாதும்மான்னு சொல்லிட்டேன்."

அந்தப் பெண்ணும் டிக் போட்டுக்கொண்டு போயிருக்கிறது.